வளர்ந்த பலூன்

மதியச் சாப்பாடு முடிந்து தெருவே கண்ணயர்ந்து கிடந்த நேரத்தில் பலூன்காரியும் அவள் நாத்தனாரும் அந்தப் பழைய வீட்டு வாசலில் வந்து இறங்கினார்கள். வேலை மறுநாள்தான். இன்றைக்கு அளவெடுத்துப் போனால் போதும்.

பலூன்காரி என்றதும் தெருமுனையில் நின்று விற்கிறவள் என்று நினைத்துவிட வேண்டாம். பிறந்தநாளோ, கடைத் திறப்போ, வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறவருக்கு விருந்தோ, எதுவானாலும் பலூனை வைத்தே வளைவும் தூணும் பூக்கொத்தும் செய்து கூடத்தை வேறு இடமாக்கிவிடுகிறவள். ஒப்புக்கொண்ட வேலையைப் பாதியில் விட்டு வந்தாள் என்ற பேச்சு அவளுக்குக் கிடையாது. ஒருமுறை கூரை ஒழுகிய மண்டபத்தில், ஒரு கையில் குடையும் ஒரு கையில் பலூனுமாக நின்று கட்டி முடித்திருக்கிறாள். நாத்தனார்தான் அவளுக்கு வலது கை. உடம்பில் சதை ஒட்டாத அந்தப் பெண்ணை வீட்டில் எல்லோரும் வத்தல் என்றுதான் கூப்பிடுவார்கள். உடம்பில் இல்லாததெல்லாம் அவளுக்கு வாயில் இருந்தது.

வத்தல் அழைப்பு மணியை அழுத்தினாள். சத்தம் வரவில்லை. மறுபடி அழுத்தினாள். அப்போதும் இல்லை.

கதவு திறந்தது. அவ்வளவு கனமான கதவு, ஒரு முனகல் இல்லாமல், தண்ணீருக்குள் திறப்பதுபோல் திறந்தது.

"மணி அடிக்காதும்மா," என்றாள் உள்ளே நின்ற வீட்டுக்காரம்மா. "கம்பியக் கழட்டிப் போட்டு எத்தனையோ வருஷம் ஆச்சு."

காதோடு சொல்வதுபோன்ற குரல். நரை பாதி ஏறிய தலை, மெலிந்த கைகள், ஆனால் கண்ணில் மட்டும் ஏதோ ஒரு முடிவெடுத்துவிட்ட பளபளப்பு. இருவரையும் உள்ளே அழைத்துக்கொண்டு போனாள்.

கூடம் பெரியது. ஜன்னல்களில் தடித்த திரை. மேசைக்கும் அலமாரிக்கும் காலுக்குக் கால் ரப்பர் மாட்டியிருந்தது. கதவுச் சட்டங்களில் எல்லாம் கம்பளித் துணி வைத்துத் தைத்திருந்தது. சுவரில் ஒரு பெரிய கடிகாரம் தொங்கியது. அதன் ஊசலைக் கழற்றிவிட்டிருந்தார்கள். மூடிவைத்த பஞ்சும் தைலமும் கலந்த ஒரு வாசனை, நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொள்ளும் வாசனை, அங்கே நின்றது.

"யாருக்கும்மா பிறந்தநாள்? பேரனுக்கா, பேத்திக்கா?" என்று கேட்டாள் பலூன்காரி. கேட்ட பிறகுதான் தானும் குரலைத் தாழ்த்திவிட்டதை உணர்ந்தாள்.

"எனக்குத்தான்."

"அப்படிப் போடுங்க!" என்று வத்தல் கைதட்டினாள்.

வீட்டுக்காரம்மாவின் தோள் குறுகியது. கண் சட்டென்று ஜன்னல் பக்கம் போனது. அங்கே கருத்த மரத்தில் ஒரு கை வைத்த நாற்காலி இருந்தது. அதன் வலது கையில், விரல் படும் இடத்தில், மெருகு போய்ச் சின்னதாக ஒரு குழி விழுந்திருந்தது.

"என் வீட்டுக்காரரோட நாற்காலி," என்றாள் அவள். "சத்தம்னா ஆகாது அவருக்கு. கரண்டி விழுந்தாக்கூட மோதிர விரலால ரெண்டு தட்டுத் தட்டுவார். அதுக்கு மேல ஒரு வார்த்தை பேச மாட்டார். தட்டினா வீடே அடங்கிடும். கடைசியில நுரையீரல்ல வியாதி வந்து படுத்தார். அப்ப நாங்க மூச்சு விடறதுகூட அவருக்குச் சத்தமாத்தான் இருந்துச்சு. போய் வருஷம் ஒண்ணாகப் போகுது."

பிறகு, யாரோ கேட்டுவிடப்போவதுபோல் இன்னும் தாழ்ந்த குரலில், "வளைவு அங்கதான் வேணும். அந்த நாற்காலி இருக்கிற இடத்துல," என்றாள்.

"நாற்காலிய என்ன பண்ணட்டும்?"

"பின்னாடி கொட்டகையில போட்டுடுங்க. நான் தூக்கிப் பாத்தேன். எனக்கு வரல."

பலூன்காரி ஒரு பக்கமும் வத்தல் ஒரு பக்கமும் பிடித்துத் தூக்கினார்கள். நாற்காலி அசைந்தது, எழவில்லை. கூடத்து மேசையையே இருவருமாக அனாயாசமாக நகர்த்துகிறவர்கள்தான்.

"ஏ அண்ணி, உக்காந்திருக்கிறவர இறக்கி விட்டுட்டுத் தூக்குவோமா?" என்று பல்லைக் கடித்தபடி சொன்னாள் வத்தல்.

சொல்லி முடிப்பதற்குள் நாற்காலி லேசாகிவிட்டது. இருவரும் தடுமாறிப் பின்னால் சாய்ந்தார்கள். வத்தல் சிரித்தாள். பலூன்காரிக்குச் சிரிப்பு வரவில்லை. நான்கு கால்களும் நின்ற இடத்தில் தரையில் நான்கு பள்ளங்கள் இருந்தன.

கிளம்புவதற்கு முன் அவள் தன் வழக்கப்படி ஒரு பலூனைக் கைப்பம்பால் ஊதி, அந்த ஜன்னலோரம் நூலில் கட்டித் தொங்கவிட்டாள். காவல் பலூன் என்பார்கள் இதை. ஒவ்வொரு அறைக்கும் ஒரு சூடு உண்டு, ஒரு குணம் உண்டு. முந்தின நாளே ஒன்றைத் தொங்கவிட்டு வைத்தால், அறை என்ன செய்யும் என்று தெரிந்துவிடும். வெடித்துக் கிடந்தால், மறுநாள் எல்லாப் பலூனிலும் காற்றைக் குறைக்க வேண்டும். கொஞ்சம் சுருங்கியிருந்தால் நல்ல அறை.

"என்ன நிறம்மா போடட்டும்?"

"சிவப்பு. மஞ்சள். அவருக்குப் பிடிக்காதது எல்லாம்," என்ற வீட்டுக்காரம்மா வாசல் வரை வந்தாள். வெளியே, வெயிலில், அவள் குரல் கொஞ்சம் எழுந்தது. "ஒண்ணு சொல்லிடறேன். என் கொழுந்தனார் இந்த வீட்டுச் சாவியக் கேட்டுட்டு இருக்கார். தனியா இருக்க வேணாம், தன் வீட்டுப் பின்பக்கம் ஒரு அறை தர்றேன்னு. நாளைக்கு இந்தக் கூடத்துல நாலு பேர் வாய்விட்டுச் சிரிச்சா நான் இங்கயே இருப்பேன்னு சொல்லிட்டேன். இல்லன்னா சாவி அவருக்கு."

"நாலு பேர் சிரிக்கிறது ஒரு பெரிய விஷயமாம்மா? இவ ஒருத்தி போதுமே," என்று பலூன்காரி நாத்தனாரைக் காட்டினாள்.

"போன மாசம் சிநேகிதிங்களைக் கூப்பிட்டிருந்தேன். பேசிட்டே இருந்தவங்க ஒவ்வொருத்தரா நிறுத்திட்டாங்க. மூச்சு முட்டுதுன்னு நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு எழுந்து போயிட்டாங்க. ஊத்தி வச்ச தேநீர் அப்படியே ஆறிப் போச்சு."

வண்டியில் ஏறிய பிறகு வத்தல் திரும்பி அந்த வீட்டைப் பார்த்தாள். பிறகு, "அண்ணி, நாம எதுக்கு அந்த வீட்ல ரகசியம் பேசினோம்?" என்றாள்.

பலூன்காரி வண்டியைக் கிளப்பினாள்.

மறுநாள் வெயில் ஏறுவதற்குள் வந்துவிட்டார்கள். கம்பி வளைவு, மின்சார ஊதுபொறி, பலூனை அளக்க வட்டத் துளை வெட்டிய அளவுப் பெட்டி, பை நிறையப் பலூன்கள். வீட்டுக்காரம்மா சமையலறையில் இருந்தாள். தட்டு மேல் தட்டு வைக்கும்போதுகூட இடையில் துணி வைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

பலூன்காரி கூடத்துக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றாள்.

காவல் பலூன் தொங்கிக்கொண்டிருந்தது.

வெடிக்கவில்லை. சுருங்கவும் இல்லை.

பெரிதாகியிருந்தது.

இத்தனை வருடத் தொழிலில் அவள் பலூனின் எல்லாச் சேட்டைகளையும் பார்த்தவள். பலூன் சுருங்கும், வெளிறும், ஒட்டும், வெடிக்கும். கட்டிய பலூன் வளராது. நேற்று அவள் கைக்குள் அடங்கியது இன்று பூசணிக்காய் அளவுக்கு உப்பி, தோல் மெலிந்து, திரை இடுக்கு வெளிச்சம் அதற்குள் ஊடுருவி நின்றது. முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். அவள் போட்ட முடிச்சேதான். இரண்டு விரலில் சுற்றி உள்ளே இழுக்கும் அந்த முடிச்சு அவள் வீட்டைத் தாண்டி வேறு யாருக்கும் வராது.

"ராத்திரி யாராச்சும் வந்து ஊதியிருப்பாங்களோ?" என்றாள் வத்தல்.

"முடிச்ச அவுக்காம எப்படிடி ஊதறது?"

பலூனின் உள்பக்கம் முத்து முத்தாக ஈரம் படர்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் பலூன்காரி கையை இழுத்துக்கொண்டாள். கைப்பம்பின் காற்று உலர்ந்த காற்று. பலூனுக்குள் ஈரம் கோர்த்தால் அது வாயால் ஊதியது. மனிதர் மூச்சில் மட்டும்தான் அந்த ஈரம் இருக்கும்.

"காத்து கருப்புன்னு சொல்லுவாங்களே, இதான் போல," என்று வத்தல் வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது குரலில் வேடிக்கை இல்லை.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். இங்க இருட்டுகூட இல்ல, பட்டப்பகல். பையப் பிரி," என்றாள் பலூன்காரி. அது தனக்குத்தானே சொல்லிக்கொண்டது.

அப்போது அவள் ஒரு தப்புச் செய்தாள். அவள் தொழிலில் இருக்கிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. வேண்டாத பலூனை வாடிக்கையாளர் வீட்டில் வெடிக்க வைக்கக் கூடாது என்பது இவர்களிடம் ஒரு மரியாதை. குழந்தை பயப்படும், வயதானவர் திடுக்கிடுவார். அதனால் கழுத்தை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்து, கத்தரிக்கோல் நுனியால் சின்னதாக ஒரு கீறல் போட்டு, காற்றைச் சத்தமில்லாமல் இறக்கிவிடுவார்கள். கை அந்தப் பழக்கத்தில் தானாகவே அதைச் செய்துவிட்டது.

காற்று அவள் முகத்தில் பட்டது. ஜில்லென்று இருந்தது. தைல நெடி. அதற்கு அடியில், பல நாள் படுக்கையில் கிடந்த உடம்பின் நெடி. பலூன் உடனே தீர்ந்துவிடவில்லை. விட்டு விட்டு வந்தது, ஒரு இழுப்பு, ஒரு விடுதல், ஒரு இழுப்பு, ஒரு விடுதல் என்று.

கடைசியில் தோல் மட்டும் கையில் தொங்கியது. கூடம் முன்னைவிட அமைதியாக இருந்தது.

வேலையை ஆரம்பித்தார்கள். ஊதுபொறி உறுமியது. வத்தல் ஊதி ஊதித் தர, பலூன்காரி ஒவ்வொன்றையும் அளவுப் பெட்டியின் வட்டத்துக்குள் விட்டு எடுத்து, நாலு நாலாகச் சேர்த்து முறுக்கிப் பூவாக்கி, கம்பியில் ஏற்றினாள். சிவப்பும் மஞ்சளுமாக வளைவு ஜன்னலோரம் எழுந்தது. அந்தக் கூடத்தில் அவ்வளவு நிறம் அதற்கு முன் இருந்திருக்காது. வத்தலுக்குத் தெம்பு வந்து ஏதோ ஒரு பாட்டை வாய்க்குள் முணுமுணுத்தாள்.

டொக். டொக்.

வத்தலின் பாட்டு நின்றது. ஊதுபொறியை அணைத்தாள்.

பொறி நின்ற பிறகும் அதன் இரைச்சல் நிற்கவில்லை. கர்ர்ரென்று ஒரு இழுப்பு. சன்னமான சீழ்க்கைபோல் ஒரு விடுதல். இன்னொரு இழுப்பு. பிறகு அடங்கியது.

"நாற்காலி கொட்டகையிலதான இருக்கு?" என்று கேட்டாள் வத்தல். உதடு மட்டும்தான் அசைந்தது.

பின்பக்க ஜன்னல் வழியாகப் பார்த்தால் கொட்டகை தெரிந்தது. நாற்காலி அங்கேதான் இருந்தது. சுவரைப் பார்த்துக் கவிழ்த்துப் போட்டபடியே.

வீட்டுக்காரம்மா சமையலறை வாசலில் வந்து நின்றாள். கையில் இருந்த பாத்திரத்தை அவள் எவ்வளவு மெதுவாகத் தரையில் வைத்தாள் என்பதைப் பார்க்கவே பரிதாபமாக இருந்தது. "உங்களுக்கும் கேட்டுச்சா?" என்றாள். "எனக்கு மட்டும்தான் கேக்குதுன்னு நினைச்சேன். பைத்தியம்னு சாவிய வாங்கிடுவாங்களேன்னு யார்கிட்டயும் சொல்லல."

"கேட்டுச்சும்மா."

அந்த ஒரு வார்த்தைக்கு அவள் கண் நிறைந்துவிட்டது.

"அண்ணி," என்று வத்தல் பலூன்காரியின் முழங்கையைப் பிடித்தாள். "அண்ணி, அங்க பாருங்க."

வளைவின் உச்சியில் இருந்த ஒரு சிவப்புப் பலூன் சுருங்கிக்கொண்டிருந்தது. முடிச்சு அவிழவில்லை, ஓட்டை இல்லை, உஸ்ஸென்று ஒரு சத்தம்கூட இல்லை. யாரோ நிதானமாக உறிஞ்சுவதுபோல் உள்ளே உள்ளே போய், வெயிலில் வாடிய பழத்தோலாகிக் கம்பியில் தொங்கியது. அடுத்து அதன் பக்கத்தில் இருந்தது. அப்புறம் அதற்கடுத்தது. மேலிருந்து கீழாக, ஒழுங்காக, ஒன்று முடிந்த பிறகே மற்றொன்று என்று வளைவு முழுவதும் வாடிக்கொண்டு வந்தது.

வளைவின் அடியில், தரையில் அந்த நான்கு பள்ளங்களுக்கு நடுவே, கம்பியில் ஏற்றாமல் கிடந்த ஒரே ஒரு பலூன் வளர்ந்தது.

சிவப்பு வெளிறி, சதை நிறமாகி, அது வளர்ந்தது.

இழுப்பு. விடுதல்.

ஒவ்வொரு இழுப்புக்கும் வளைவில் ஒரு பலூன் செத்தது. ஒவ்வொரு விடுதலுக்கும் அது ஒரு சுற்றுப் பெருத்தது.

"வாங்க அண்ணி, போயிடலாம். காசு வேணாம் ஒண்ணும் வேணாம்," என்று சொல்ல வந்தாள் வத்தல். 'வாங்க' என்பதோடு வார்த்தை அறுந்துவிட்டது. வாயைத் திறந்து திறந்து மூடினாள். எந்த வேளையிலும் ஓயாத அந்த வாயில் சொட்டுக் காற்று இல்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

பலூன்காரிக்கும் மூச்சு குறைந்தது. விலா எலும்புகளுக்கு மேல் யாரோ முழங்காலை ஊன்றியதுபோல் இருந்தது. பலூன் வளைவு முழுவதும் தோல் தோலாகத் தொங்கியது. அதற்குப் பின் எடுப்பதற்கு மிச்சம் இருந்தது இவர்களிடம்தான்.

டொக். டொக்.

வீட்டுக்காரம்மா சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். இரண்டு கைகளாலும் தன் வாயை மூடிக்கொண்டாள். யாரும் சொல்லாமலே, கல்யாணமான நாளிலிருந்து செய்து செய்து கை அப்படிப் பழகியிருந்தது.

பலூன்காரி கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு அந்தப் பலூனிடம் போனாள். மூன்று எட்டு வைப்பதற்குள் கண் இருட்டியது. மண்டியிட்டு, பலூனின் கழுத்தை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்தாள். பிடி இளகிக் கொடுத்தது. அவளுக்கு அது தெரிந்தது. பலூன் கழுத்தை நீட்டிக் கொடுத்தது, நாவிதரிடம் தாடையைக் காட்டுகிறவரைப் போல.

அதற்கு இது பிடித்திருந்தது.

சத்தமில்லாமல் இறக்கிவிடு. காலையில் செய்தாயே, அதேபோல்.

அவள் கையை எடுத்துவிட்டாள். காலையில் தான் யாருக்கு மரியாதை செய்தோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இந்த வீடு முழுக்க ரப்பரும் கம்பளியும் தைத்து வைத்தவருக்கு, தானும் தன் பங்குக்கு ஒரு துணி வைத்துத் தைத்துக் கொடுத்திருக்கிறோம்.

கத்தரிக்கோலாலேயே ஒரு குத்துக் குத்தியிருப்பாள். ஓங்கிவிட்டாள்கூட. ஆனால் சுவரோரம் வாயைப் பொத்திக்கொண்டு நின்ற அந்த அம்மாவைப் பார்த்ததும் கையை இறக்கினாள். இது தன் வீடு இல்லை. இன்று தான் இதை உடைத்துவிட்டுப் போனால், நாளை இவள் தனியாக என்ன செய்வாள்?

"அம்மா," என்றாள். இருந்த மூச்சையெல்லாம் திரட்டினாள். "நீங்க... வாங்க."

வீட்டுக்காரம்மா தலையை ஆட்டினாள். மாட்டேன்.

"உங்க... பிறந்தநாள்."

டொக். டொக்.

கீழே கிடந்த வத்தலுக்கு உதடு நீலம் பாரித்திருந்தது. வீட்டுக்காரம்மா அவளைப் பார்த்தாள். பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல் ஒரு பார்வை. பிறகு பலூனைப் பார்த்தாள். அந்தப் பார்வை வேறாக இருந்தது.

வாயை மூடியிருந்த கைகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். தோளில் துணியைச் சேர்த்துக் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி நீட்டிப் பிடித்தாள். சுவரை விட்டு வந்தாள். செருப்பில்லாத காலைத் தரையில் அறைந்து அறைந்து நடந்து வந்தாள். அந்தத் தரையில் அப்படி ஒரு நடை கேட்டிருக்காது.

டொக், டொக், டொக் என்று அது விடாமல் தட்டியது.

"கேக்குது," என்றாள் அவள். ரகசியக் குரல் இல்லை. கரகரத்து, துருப்பிடித்து, ஆனால் முழுக் குரல். "காது நல்லாக் கேக்குது எனக்கு. இத்தன வருஷம் நீங்க தட்டினத நான் கேட்டேன். இப்ப நான் தட்டறேன். நீங்க கேளுங்க."

குத்தினாள்.

இடி விழுந்ததுபோல் இருந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. திரைகள் வெளிப்பக்கமாக உப்பி விழுந்தன. கூரையிலிருந்து பல வருடத் தூசு மழையாகக் கொட்டியது. வத்தல் கிணற்றிலிருந்து எழுந்தவள்போல் ஆவென்று மூச்சை இழுத்தாள். மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் காற்று திரும்பி வந்தது.

அந்தத் தூசு போய் வீட்டுக்காரம்மாவின் மூக்கில் ஏறியது. அவள் தும்மினாள். சாதாரணத் தும்மல் இல்லை, சமையலறைப் பாத்திரங்கள் கணகணக்கிற தும்மல். தும்மிவிட்டுத் திகைத்து நின்றாள். யாரும் தட்டவில்லை. இன்னொரு முறை தும்மினாள். இந்த முறை வேண்டுமென்றே.

"ஆயுசு நூறு," என்றாள் வத்தல் தரையில் கிடந்தபடி. பேச்சு வந்துவிட்டது.

வளைவு மட்டும் நாசமாகிவிட்டது. கம்பி முழுக்கத் தோல். விருந்தாளிகள் வருகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஊதுபொறியைப் போட்டுப் பார்த்தார்கள். அது ஒரு முறை கர்ரென்று இழுத்தது, அவ்வளவுதான். பலூன்காரி செருகியைச் சுவரிலிருந்து பிடுங்கி எறிந்தாள்.

"இனிமே இதத் தொட மாட்டேன். பைய எடு. வாயால ஊதுவோம்."

"வாயாலயா? நீங்கதான அண்ணி, வாயால ஊதறவன் தொழில்காரனே இல்லன்னு சொல்லுவீங்க?"

"சொன்னேன். இப்ப இதச் சொல்றேன். ஊது. அவரு எடுக்கட்டும் பாப்போம். நம்ம மூச்சு, நம்ம எச்சில்."

மூன்று பேரும் கால் நீட்டி உட்கார்ந்து ஊதினார்கள். வீட்டுக்காரம்மாவின் முதல் பலூன் எலுமிச்சம்பழம் அளவுக்கு மேல் வரவில்லை. இரண்டாவது மாம்பழம் அளவு. போகப் போகக் கன்னம் பழகிவிட்டது. சீக்கிரமே வந்த ஒரு சிநேகிதி வாசலிலேயே தயங்கி நின்றாள். குண்டான உடம்பு, மணிக்குரல். போன மாதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனவர்களில் அவளும் ஒருத்தி. அவள் கையிலும் ஒரு கைப்பிடி அளவு பலூனைத் திணித்தாள் வத்தல். அடுத்து வந்தவர்களுக்கும் அதேதான். பரிசைக் கீழே வை, பலூனை எடு.

அப்படி ஒரு வளைவைப் பலூன்காரி தன் வாழ்நாளில் கட்டியதில்லை. ஒன்று தேங்காய், ஒன்று நெல்லிக்காய், ஒன்று கத்தரிக்காய். அளவுப் பெட்டியில் விட்டிருந்தால் பெட்டியே அழுதிருக்கும். ஒவ்வொன்றின் உள்ளேயும் ஊதியவரின் மூச்சு பனித்து நின்றது. ஆனால் ஒன்றுகூடச் சுருங்கவில்லை. பலூன்காரி ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நான் மதியம் வெங்காயம் தின்னேன் அண்ணி," என்றாள் வத்தல். "அதான் அவருக்குக் கிட்ட வர பயம்."

சாயங்காலம் கொழுந்தனார் வந்தார். சட்டைப் பொத்தான் கழுத்து வரை போட்ட மனிதர். அண்ணனின் சாயல் அப்படியே இருந்திருக்க வேண்டும், வீட்டுக்காரம்மா ஒரு கணம் பார்வையைத் தாழ்த்தினாள். அவர் வளைவைப் பார்த்தார், அது நின்ற இடத்தைப் பார்த்தார், முகம் சுருங்கியது. உள்ளே வராமல் வாசற்படியோரம் நின்றுகொண்டார்.

கேக்கை வளைவுக்கு முன்னால் மேசையில் வைத்தார்கள். நடுவில் ஒரே ஒரு மெழுகுவர்த்தி. கேக்கைச் சுற்றி எல்லோரும் கூடினார்கள். விசிறியை நிறுத்தினார்கள். ஜன்னல்கள் சாத்தியிருந்தன. வத்தல் தீக்குச்சியைக் கிழித்துப் பற்றவைத்தாள். சுடர் ஆடாமல் அசையாமல் நின்றது.

வீட்டுக்காரம்மா குனிந்தாள். கன்னத்தை உப்பினாள்.

இன்னும் ஊதவில்லை.

சுடர் அணைந்தது.

புகை மேலே எழவில்லை. நூல் பிடித்ததுபோல் பக்கவாட்டில் நீண்டு, வளைவுக்குக் கீழே, நாற்காலியில் உட்கார்ந்தால் ஒருவர் முகம் இருக்கும் உயரத்துக்குப் போய், அங்கே காற்றிலேயே உள்ளே இழுபட்டு மறைந்தது.

கூட்டத்தில் பேச்சு நின்றது. யாரோ மெதுவாக நெஞ்சைத் தடவிக்கொண்டார்கள். பலூன்காரி வளைவை அண்ணாந்து பார்த்தாள். பலூன்கள் முழுசாகத்தான் இருந்தன.

"போதும் அண்ணி," என்றார் கொழுந்தனார் வாசலிலிருந்து, மிகவும் தாழ்ந்த குரலில். "எதுக்கு இந்தப் பிடிவாதம்? சாவியக் குடுத்துடுங்க."

வீட்டுக்காரம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தீப்பெட்டிய இப்படிக் குடும்மா," என்று வத்தலிடம் கை நீட்டினாள்.

கிழித்தாள். பற்றவைத்தாள். குனிவதற்குள் அணைந்தது.

மறுபடி கிழித்தாள். மறுபடி அணைந்தது.

"ஏண்டி," என்று அந்தக் குண்டுச் சிநேகிதிதான் முதலில் வாயைத் திறந்தாள். நடுங்கிக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் சத்தமாகச் சொன்னாள். "உன் பிறந்தநாளுக்கு உனக்கு முன்னாடி முந்திக்கிட்டு ஊதறது யாருடி? சின்னப் புள்ளையா உன் வீட்டுக்காரரு? கேக்குல பெரிய துண்டு வேற கேப்பாரோ?"

எல்லோரும் அணைந்த திரியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

வீட்டுக்காரம்மா சிரித்துவிட்டாள். தொண்டைக்குள் அடைத்துக் கிடந்த ஏதோ பிய்த்துக்கொண்டு வந்ததுபோல் முதலில் ஒரு கேவல், அப்புறம் ஒரு கனைப்பு, அப்புறம் அடக்க முடியாத சிரிப்பு. சிநேகிதி அவள் தோளில் சாய்ந்து சிரித்தாள். வத்தல் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். எதற்கென்று தெரியாமலே மற்றவர்களும் சிரித்தார்கள். கொழுந்தனார் நின்ற வாசற்படி எப்போது காலியானது என்று யாரும் கவனிக்கவில்லை. பலூன்காரி தன் பங்குக்குச் சிரித்துக்கொண்டே இடது கையால் வளைவின் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கம்பி விரலுக்குள் ஐஸாகக் குளிர்ந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்காரம்மா வளைவுக்குக் கீழே இருந்த வெற்றிடத்தைப் பார்த்தாள். எதிரில் உட்கார்ந்திருப்பவரிடம் பேசுவதுபோல் நேராகப் பேசினாள்.

"ஊதுங்க. உங்களால முடியற வரைக்கும் ஊதுங்க. பெட்டி நிறைய குச்சி இருக்கு. நானும் எங்கயும் போகல."

தீக்குச்சியைக் கிழித்தாள்.

சுடர் எழுந்தது. மூடிய அந்தக் கூடத்தில், ஒரு இலை அசையக் காற்றில்லாத இடத்தில், அது மெல்ல மெல்ல அவள் பக்கமாகச் சாய்ந்தது. மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரோ குனிந்துகொண்டிருந்தார்கள்.

அவளும் குனிந்தாள்.